மேடே இல்லாத ஊரிலிருந்து மலைக்கு: பிள்ளைகளோடு பை சுமந்து நடக்கப் போகிறவர்களுக்கு

குத்தாலம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவர், 13 வயது மகள், 8 வயது மகன், இவர் என்று நான்கு பேர். மே விடுமுறையில் இமயமலையில் ஐந்தாறு நாள் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, கூடாரத்தில் தங்கி நடக்க ஆசை. இதுவரை ஏறியது பழனியும் திருச்சி மலைக்கோட்டையும்தான். சைவச் சாப்பாடு. மாமியார் ரொம்பப் பயப்படுகிறார். போகலாமா, எந்தப் பாதை நல்லது, எப்படித் தயாராவது என்பது கேள்வி.

போகலாம். நாங்கள் திருவையாற்றுப் பக்கம். எங்கள் வீட்டிலும் இதே கணக்கில் நான்கு பேர்தான். பெண்ணுக்கு 12, பையனுக்கு 9 இருக்கும்போது உத்தராகண்டில் ஹர் கி தூன் பள்ளத்தாக்குப் பக்கம் போய் வந்தோம். அதற்கு முன்னால் சில தப்புகளும் செய்தோம். அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன், உங்களுக்கு அதிகம் உதவப்போவது அவைதான்.

முதலில் நால்வரும் உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு நிறுத்துவது, எங்கே திரும்புவது எல்லாமே உங்கள் எட்டு வயதுப் பையனின் உடம்பு சொல்கிறபடிதான். அப்பாவின் ஆசையோ வழிகாட்டியின் அவசரமோ அதில் குறுக்கே வரக்கூடாது. வீட்டுத் திண்ணையில் இதை ஒத்துக்கொள்வது சுலபம். இன்னும் ஒரு மணி நேரம் நடந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று மலையில் நிற்கிற நேரத்தில்தான் மனசு கேட்காது. அதனால்தான் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடச் சொல்கிறேன்.

இப்போது தயாராவதைப் பற்றி. இதில்தான் நம் டெல்டாக்காரர்கள் ஏமாந்து போகிறோம். நமக்கு நடக்கத் தெரியும். வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் நாள்கணக்கில் நடந்து போகிற ஜனங்கள் நாம். ஆனால் அதெல்லாம் சமதரை. தஞ்சாவூரே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் உயரம்தான். கிழக்கே போகப் போக அதுவும் குறைந்துகொண்டே வரும். நமக்குத் தெரிந்த மேடு என்றால் ஆற்றங்கரையும் மேம்பாலமும்தான். நாங்கள் என்ன செய்தோம் என்றால், இரண்டு மாதம் தினமும் காலையில் குடமுருட்டிக் கரையில் ஐந்து கிலோமீட்டர் வேகமாக நடந்தோம். மூச்சு வாங்கவில்லை. சரி, தயாராகிவிட்டோம் என்று நினைத்து, ஒத்திகை மாதிரி நீலகிரியில் ஒரு பகல் நேர நடைக்கு வழிகாட்டியோடு போனோம்.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இறங்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆனதும் என் பெண்ணின் தொடை நடுங்க ஆரம்பித்தது. நின்றால் நடுங்குகிறது, அடி எடுத்து வைத்தால் முட்டி மடங்குகிறது. கடைசிப் பகுதியை அவள் உட்கார்ந்தபடியே இறங்கினாள். ஒரு வேரைப் பிடித்துக் காலை நீட்டி, கையை ஊன்றி நகர்ந்து, அடுத்த வேரைப் பிடித்து, இப்படியே அரை மணி நேரம். வழிகாட்டி முன்னால் நின்று அவள் ஷூவின் நுனியைத் தன் கையால் தாங்கிக்கொண்டே வந்தார். அவள் அழவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிரேக் போலத் தடுத்துப் பிடிக்க வேண்டும். பழகாத தசையில் இது நுண்ணிய சேதத்தை உண்டாக்கும். வலி அன்றைக்கு அவ்வளவாகத் தெரியாது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சத்துக்குப் போகும். ஒரு நாள் நடை என்றால் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளலாம். ஐந்து நாள் நடையில் மூன்றாம் நாள் காலையில் எழுந்து எங்கே போவது? நல்ல வேளையாக இந்தத் தசை சீக்கிரம் பழகிவிடும். ஒரு தடவை நன்றாக வலித்து ஆறிய பிறகு, அடுத்த வாரம் அதே இறக்கம் பாதிகூட வலிக்காது. ஆகவே நீங்கள் பழக வேண்டியது இறக்கம். மூச்சைப் பற்றி அவ்வளவு கவலைப்படாதீர்கள்.

அதற்கு நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது குளித்தலைக்குப் பக்கத்தில் அய்யர்மலை. ரத்தினகிரீசுவரர் கோயில், 1017 படிகள். மலைக்கோட்டைப் பாறை 83 மீட்டர்தான், அது முதல் இரண்டு வாரத்துக்குப் போதும். மூன்றாம் வாரத்திலிருந்து சனிக்கிழமை சனிக்கிழமை அய்யர்மலை. அதிகாலையில் ஏறத் தொடங்கிவிடுங்கள், வெயில் ஏறினால் கல் சுடும். கோயில் மலை என்பதால் வெறுங்காலோடுதான் ஏறுவோம், ஷூ பழக்க அது உதவாது. ஷூவோடு பாறையில் இறங்கிப் பழக நாங்கள் நார்த்தாமலைக்குப் போனோம். வார நாட்களில் வீட்டு மாடிப்படி போதும். ஒவ்வொரு படியையும் மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்க வேண்டும். கொள்ளிடக் கரை பக்கத்தில் இருந்தால் கரையின் சரிவில் பிள்ளைகளை ஏறி இறங்கி விளையாட விடுங்கள். அவர்களுக்கு அது பயிற்சி என்றே தெரியாது.

சுமையையும் இதிலேயே பழக்குங்கள். முதல் இரண்டு தடவை வெறும் பை. பிறகு தண்ணீர் பாட்டில்களை நிரப்பிப் பையில் வைத்து ஏறி, மேலே தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு லேசாக இறங்குங்கள். நான்காம் வாரத்திலிருந்து நிரம்பிய பாட்டிலோடேயே இறங்கலாம். ஆறு வாரம் இப்படிச் செய்த பிறகு என் பெண் இமயமலையில் எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஷூவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. என் வீட்டுக்காரர் ஏழெட்டு வருஷத்துக்கு முன் வாங்கி, இரண்டே தடவை போட்ட நல்ல மலை ஷூ ஒன்று பரணில் இருந்தது. புதுசு மாதிரியே இருக்கிறதே என்று அதை எடுத்துப் போட்டுக்கொண்டு நார்த்தாமலையில் இறங்கினார். பாதி வழியில் அடிப்பாகம் பிஸ்கட் போல உதிர்ந்து, கையோடு வந்துவிட்டது. பாலியூரித்தேன் வைத்த அடிப்பாகம் ஈரக் காற்றை உறிஞ்சி, போடாமல் வைத்திருந்தாலும் உள்ளுக்குள்ளேயே சிதையும். நம் ஊரின் ஈரப்பதத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். பழைய ஷூ இருந்தால் இப்போதே போட்டு நடந்து பாருங்கள். புது ஷூ என்றால் குறைந்தது ஒரு மாதம் தினமும் போடட்டும். பிள்ளைகளுக்கு விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள், இறங்கும்போது கால் முன்னால் தள்ளி நகம் கறுத்துவிடும்.

அடுத்தது, எங்கே போவது. நம் மாநிலத்துக் காட்டில் நீங்களாகவே கூடாரம் போட்டு இரவு தங்க நினைக்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே கொண்டு வந்தது. அனுமதி இல்லாத பாதையில், யாரோ தெரிந்தவர் கூட்டிப் போகிறார் என்பதற்காகப் பிள்ளைகளை அழைத்துப் போகவே கூடாது. இது என் உறுதியான கருத்து. 2024 அக்டோபரில் வனத்துறை சார்பில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்துகொண்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு பகலில் போய் வரலாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். கோத்தகிரியில் லாங்வுட் சோலை, ஊட்டியில் கெய்ர்ன் ஹில் போன்ற எளிய பாதை ஒன்றில் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஒத்திகை பார்த்துவிடுங்கள். சிறுவர்களுக்கான வயது விதியைப் பதிவு செய்யும்போதே படித்துவிடுங்கள். பிப்ரவரி பாதிக்கு மேல் காட்டுத் தீப் பருவம் என்பதால் பாதைகளை மூடிவிடுவார்கள்.

பல நாள் பை சுமந்து நடக்கும் ஆசைக்கு நான் சொல்லும் பாதை ஹர் கி தூன்தான். நீங்கள் மே மாதம் என்கிறீர்கள், அது நமக்கும் தோதான காலம். சம்பா அறுவடை முடிந்து, உளுந்து பயறும் எடுத்து, குறுவைக்கு மேட்டூர் திறக்கும் வரை வீட்டில் வேலை குறைவு. அங்கேயும் பனி உருகிப் பாதை திறந்திருக்கும், தென்மேற்குப் பருவமழை உத்தராகண்டை எட்ட ஜூன் பிற்பாதி ஆகிவிடும். மயிலாடுதுறையிலிருந்து சென்னை, அங்கிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லிக்கு ஏறக்குறைய ஒன்றரை நாள், பிறகு டேராடூன். டேராடூனிலிருந்து சங்க்ரி என்கிற மலைக் கிராமத்துக்கு ஒரு முழுப் பகல் ஜீப் பயணம். பணத்தை டேராடூனிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் நைட்வாரில் வனத்துறை சோதனைச் சாவடி இருக்கிறது, அது கோவிந்த் வன உயிரினச் சரணாலயத்தின் வாசல். கூடாரம், தூங்கும் பை, அடுப்பு எல்லாம் சங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும். ரயிலில் கேஸ் கொண்டு போக அனுமதி இல்லை, அதனால் அங்கேயே வாங்கிக்கொள்வதுதான் வழி.

ஏன் இந்தப் பாதை என்றால், சுபின் ஆறு பெரும்பாலும் கூடவே வரும். நடுவில் கிராமங்கள் இருக்கின்றன. எந்த இடத்திலும் திரும்பி, வந்த வழியே கீழே இறங்கிவிடலாம். பிள்ளைகளோடு போகும்போது இதுதான் முக்கியம். கேதார்காந்தா என்கிற சிகரத்தைப் பலர் சொல்வார்கள். அங்கே விடியலுக்கு முன்னாலேயே இருட்டில் கிளம்பி உச்சிக்கு ஏற வைப்பார்கள், எட்டு வயதுக்கு அது வேண்டாம்.

சங்க்ரி 1,950 மீட்டர் உயரம். அங்கே ஒரு நாள் சும்மா தங்குங்கள். மறுநாள் தாலுகா என்கிற கிராமம் வரை ஜீப், அங்கிருந்து ஓஸ்லா கிராமத்துக்கு நடை. ஓஸ்லா ஏறக்குறைய 2,560 மீட்டர். அங்கே இரண்டு இரவு. ஹர் கி தூன் 3,566 மீட்டர். ஓஸ்லாவிலிருந்து ஒரே நாளில் அங்கே ஏறிப் படுத்தால், ஆயிரம் மீட்டர் ஒரேயடியாக உயர்ந்துவிடும். காற்று மெலிந்த உயரத்தில் வரும் உயர நோயைத் தவிர்க்க, 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், படுக்கும் இடத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் விதி. ஆகவே நடுவில் ஒரு முகாம் போட்டு, மறுநாள் காலையில் லேசான பையோடு பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, அந்த முகாமுக்கே இறங்கி வந்து தூங்குங்கள். நீங்கள் தனியாக ஒரு உள்ளூர் வழிகாட்டியை வைத்துக்கொண்டால் நாட்களை உங்கள் இஷ்டப்படி நீட்டிக்கொள்ளலாம்.

நேரக் கணக்குக்கு ஒரு பழைய விதி உதவும். 1892-ல் நைஸ்மித் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். தாலுகாவிலிருந்து ஓஸ்லாவுக்கு 13 கிலோமீட்டர் போல வரும், ஏற்றம் 500 மீட்டருக்குச் சற்று மேல். கணக்குப்படி மூன்றரை மணி நேரம். பிள்ளைகளோடு போனால் அதை இரண்டால் பெருக்குங்கள். நாங்கள் காலை ஏழு மணிக்குக் கிளம்பி மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மலையில் மதியத்துக்கு மேல் இடியும் மழையும் வருவது வழக்கம், அதனால் கிளம்புவது காலை ஏழைத் தாண்ட வேண்டாம்.

பையைப் பற்றி. பிள்ளைக்கு அவன் எடையில் பத்தில் ஒரு பங்கு போதும். 24 கிலோ பையன் என்றால் இரண்டரைக் கிலோவுக்குள். மழைச்சட்டை, ஸ்வெட்டர், அரை லிட்டர் தண்ணீர், ஒரு விசில், தின்பண்டம். அவ்வளவுதான், ஆனால் அதை அவனே தூக்க வேண்டும். அவன் பையை அவனே கட்டினால்தான் மழை வரும்போது மழைச்சட்டை எங்கே என்று அவனுக்குத் தெரியும். பெரியவர்களுக்கு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். கூடாரத்தையும் சமையல் சாமானையும் கோவேறு கழுதையில் ஏற்றிவிடுங்கள். அதனால் உங்கள் நடைக்கு ஒரு குறையும் வராது, அந்த ஊர்க்காரருக்கும் வருமானம்.

பையை மாட்டும் விதத்தை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். தண்ணீர்க் குடத்தை எங்கே வைப்போம்? இடுப்பெலும்பின் மேல். கை சும்மா அணைத்துக்கொள்ளும், எடையை இடுப்புதான் தாங்கும். பையின் இடுப்புப் பட்டையும் அதே எலும்பின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும், தோள்பட்டை வார் அணைப்புக்குத்தான். என் வீட்டுக்காரர் முதல் நாள் முழுக்கத் தோளிலேயே சுமந்து கழுத்து பிடித்துக்கொண்டு நின்றார். குடத்தைச் சொல்லி விளக்கியதும் புரிந்துகொண்டார். கனமான பொருள் முதுகை ஒட்டி, நடுவில் இருக்கட்டும்.

துணியில் ஒரே ஒரு விஷயம்: பருத்தி வேண்டாம். நம் வெயிலுக்குப் பருத்தியைப் போல எதுவும் கிடையாது. மலையில் நனைந்த பருத்தி காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். மார்கழிக் காலையில் 20 டிகிரியையே பனி என்று சொல்லித் தலையில் துண்டைக் கட்டிக்கொள்கிற ஊர் நம்முடையது. அங்கே மே மாத இரவிலும் உறைநிலைக்குப் பக்கத்தில் இறங்கும். நம் பிள்ளைகளுக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது, அதனால் சொல்லவும் தெரியாது. நடுக்கம், வாய் குழறல், கால் தடுமாற்றம், ஒன்றிலும் ஆர்வமில்லாமல் உட்கார்ந்துவிடுவது, இவற்றைக் கண்டால் உடனே ஈரத்துணியை மாற்றி, உலர்ந்ததைப் போட்டு, இனிப்பாகச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். படுக்கும்போது போடும் உடையை பிளாஸ்டிக் பையில் கட்டி, எந்த மழையிலும் நனையாமல் வைத்திருங்கள்.

சாப்பாட்டில் எங்கள் தப்பு அரிசி. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 3,500 மீட்டரில் ஏறக்குறைய 88 டிகிரியில் கொதி வந்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. பொன்னி அரிசியைப் பானையில் போட்டு ஒரு மணி நேரம் எரித்தோம். வெளியே குழைந்து உள்ளே விதையாகவே நின்றது, கேஸும் தீர்ந்தது. குக்கர் தூக்க முடியாதவர்கள் அவல், ரவை, சேமியா என்று போய்விடுவது நல்லது. புளிக்காய்ச்சல் செய்து ஒரு டப்பாவில் அடைத்துக்கொண்டால் அவலை நனைத்துப் பிசைந்தால் ஐந்து நிமிஷத்தில் சாப்பாடு. பருப்புப்பொடி, நல்லெண்ணெய் சின்ன பாட்டில், உப்பு நார்த்தங்காய். உயரத்தில் நாக்கு செத்துப் போகும், அப்போது நார்த்தங்காய்த் துண்டு ஒன்றுதான் என் பெண்ணைச் சாப்பிட வைத்தது. குடிக்கும் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு மூன்று நிமிஷம் விட்டு இறக்குங்கள். ஆறு பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், அதை நம்பாதீர்கள். மேலே ஆடு மாடு மேய்கிறது.

நடக்கும்போது முக்கால் மணிக்கு ஒரு தடவை பிள்ளை வாயில் ஏதாவது போட்டுக்கொண்டே இருங்கள், பசிக்கிறது என்று சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். இதற்கு என் அனுபவத்தில் பொரிவிளங்காய் உருண்டையை மிஞ்சியது இல்லை. கல் மாதிரி இருக்கும், பையில் எப்படி அமுங்கினாலும் உடையாது. ஒரு கூழாங்கல்லால் தட்டி நான்காக உடைத்து, ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் ஒரு மேடு தாண்டும் வரை கரையும். வறுத்த அரிசியும் பயத்தம்பருப்பும் வெல்லமும் சுக்கும், வேறென்ன வேண்டும்? என் பையன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தானே கல் தேடி எடுத்து உடைத்துக்கொண்டிருந்தான்.

அந்த உருண்டைதான் எங்களுக்கு எச்சரிக்கை மணியும் அடித்தது. நடு முகாமில் இரவு அவன் சரியாகத் தூங்கவில்லை. காலையில் கல்லை எடுத்து உடைத்துக் கொடுத்தேன், வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். தலை வலிக்கிறதா என்றால் இல்லை என்றான். கொஞ்ச தூரம் நடந்தோம், பாதையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். சுவர்க்காரோகிணிச் சிகரம் பனியோடு எதிரே தெரிகிறது, பள்ளத்தாக்கு வர இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம்தான். வழிகாட்டி, பையனைத் தான் முதுகில் தூக்கிக்கொள்வதாகச் சொன்னார். திண்ணையில் பேசியதை என் பெண்தான் ஞாபகப்படுத்தினாள். திரும்பினோம். மதியம் ஓஸ்லாவுக்கு இறங்கியதும் அவனாகவே டப்பாவைத் திறந்து உருண்டை எடுத்தான்.

உயர நோய் 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம், உடல் பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரியவர்கள் தலைவலி, குமட்டல் என்று சொல்லிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளிடம் அது சிடுசிடுப்பு, சாப்பாடு வேண்டாம், விளையாட வரவில்லை, தூக்கமில்லை என்றுதான் தெரியும். சந்தேகம் வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள், குறையவில்லை என்றால் இறங்குங்கள். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நேர்க்கோட்டில் நடக்க முடியாத தள்ளாட்டம், இவற்றில் ஒன்று வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே இறக்க வேண்டும். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை பற்றிக் கிளம்புவதற்கு முன் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாகக் கொடுக்காதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாத பிள்ளை என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய இழுப்பு, ரத்தசோகை இருந்தால் அதையும்.

உங்கள் மகளுக்கு 13 என்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை கொடுத்துக் கூட்டிப் போகவேண்டிய அவசியம் இல்லை. அலைச்சலில் தேதி முன்னே பின்னே ஆகும், எப்படியும் தயாராகப் போங்கள். பயன்படுத்திய நாப்கினைக் காட்டில் புதைக்கவோ எரிக்கவோ வேண்டாம், இரண்டு உறை போட்டுக் கட்டித் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். அவளுக்கென்று ஒரு தனிப் பையில் எல்லாம் வைத்து, கிளம்பும் முன்பே காட்டிவிடுங்கள். கழிப்பிடத்துக்குத் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய், ஒரு சாண் ஆழம் குழி தோண்டி மூட வேண்டும். நாங்கள் வீட்டிலிருந்து ஒரு களைக்கொத்து எடுத்துப் போனோம், அந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி இல்லை.

பிள்ளைகளுக்கு இதில் என்ன கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று சொல்ல ஆசை. என் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆறு அகலமாய், மெதுவாய், பாதி நாள் மணலாய்க் கிடப்பது. சுபின் ஆற்றின் பக்கத்தில் நின்றால் பேசுவது காதில் விழாது. கையை விட்டால் பத்து எண்ணுவதற்குள் விரல் மரத்துவிடும். நம் காவிரியும் இப்படிப் பனியிலிருந்துதான் வருகிறதா என்று பெண் கேட்டாள். இல்லை, நம்முடையது குடகில் பிரம்மகிரி மலையில், 1,276 மீட்டர் உயரத்தில் தலைக்காவிரியில் பிறக்கிறது. பனி கிடையாது, மழையும் சோலைக்காடும்தான் என்றேன். அப்படியென்றால் அங்கே மழை இல்லாவிட்டால் நமக்கும் இல்லையா என்றாள். வீட்டில் மேட்டூர் நீர்மட்டம் பற்றி நாங்கள் பேசுவதை வருஷக்கணக்கில் காதில் வாங்கியவள்தான். அன்றைக்குத்தான் அவளாகக் கேட்டாள்.

கடைசியாக உங்கள் மாமியார். அவர் பயப்படுவதில் தப்பே இல்லை, என் மாமியாரும் இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரு தாளில் தேதி வாரியாக எங்கே தங்குவோம், வழிகாட்டியின் பெயர், அவர் எண், எந்தத் தேதிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி அவர் கையில் கொடுங்கள். சங்க்ரிக்கு மேலே சிக்னலை நம்ப முடியாது, அத்தனை நாள் போன் வராமலே போகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் நாளே ஊரைக் கூட்டிவிடுவார்கள். பொரிவிளங்காய் உருண்டை பிடிக்கிற பொறுப்பையும் அவரிடமே விடுங்கள். ஆளுக்கு நாளைக்கு நான்கு, வழி ரயிலுக்கும் சேர்த்து மொத்தம் நூற்றைம்பது பிடித்தால் சரியாக இருக்கும். தேங்காய்ப் பல் மட்டும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும்.